இழுத்தால் வர வேண்டும்

கொச்சித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவருக்கு, சின்ன வயதில் பாதியில் நின்றுபோன ஒரு காமிக்ஸ் கதையின் முடிவு தெரிய வேண்டியிருந்தது. அந்தக் காமிக்ஸ் சென்னையை ஒட்டிய செம்பாக்கத்தில், என் அலமாரியில் இருந்தது. நடுவில் ஒரு தபால் பயணம்தான் பாக்கி. இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் காமிக்ஸ்கள் கடைகளில் தொங்கிய காலத்தில் நான் பிறக்கவே இல்லை. காலேஜ் முடிக்கிற வருஷம், தாம்பரத்தில் ஒரு பழைய பேப்பர் கடை வாசலில், கட்டுப் பிரியாத ஒரு குவியலில் கறுப்பு வெள்ளைப் படங்களோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு புத்தகத்தைப் பார்த்தேன். அட்டையில் துப்பாக்கியோடு ஒருவன் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. எனக்கு எதுவும் மெதுவாகப் பிடிக்காது. அடுத்த வாரமே சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் என் அப்பா வயதுக்காரர்கள். ஒருவர் என்னை ‘மேடம்’ என்பார், இன்னொருவர் ‘பாப்பா’ என்பார். வேலைக்குச் சேர்ந்த பிறகு, சிறுசேரிக்குப் போகும் ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே, எந்த வருஷத்துத் தாள் சீக்கிரம் மஞ்சளாகும், ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்தால் என்ன செய்வது, மூலை மடங்கினால் மதிப்பு எவ்வளவு இறங்கும் என்று எல்லாவற்றையும் அவர்களிடம் கற்றுக்கொண்டேன்.

அந்தக் குழுவில் ஒரு புத்தகத்துக்குக் கிடைக்கக்கூடிய உச்சபட்சப் பாராட்டு, ‘படிக்காத புத்தகம்’ என்பது. யார் கையும் படாமல், கடையிலிருந்து நேராகப் பெட்டிக்குள் போன பிரதி என்று அர்த்தம். யாராவது ஒன்றை மாற்றிக்கொள்ளவோ விற்கவோ நினைத்தால் நான்கு படம் போட வேண்டும்: முன்னட்டை, பின்னட்டை, முதுகு, பின் அடித்திருக்கும் நடுப்பக்கம். அதற்கு மேல் பிரிக்கக் கூடாது. பழைய தாள், பிரிக்கப் பிரிக்க முதுகு விட்டுவிடும். பார்த்து முடித்ததும் பாலிதீன் கவரில் போட்டு, வாயை மடித்து டேப் ஒட்டிவிட வேண்டும். நானும் ஒட்டினேன். வரிசையாக, எண் வாரியாக.

அந்த அண்ணன் குழுவுக்குள் வந்தது ஒரு மழைக்காலத்தில். மற்றவர்கள் தட்டச்சு செய்வார்கள். இவர் பேசி அனுப்புவார். பின்னால் ஐஸ் உடைக்கும் மெஷின் கடகடவென்று ஓடும்.

“தங்கச்சி, எனக்கு எல்லாப் புக்கும் வாணாம். ஒரே ஒரு புக்கு. லைட்ஹவுஸ் கதை. யாருகிட்டயாச்சும் கீதான்னு கேட்டுச் சொல்லு.”

எந்தக் கதை, யார் கதாநாயகன், என்ன எண் என்று நான் படபடவென்று கேட்டேன். எண் அவருக்குத் தெரியவில்லை. கதை தெரிந்தது. கடலுக்கு நடுவில் ஒரு பாறை, அதன் மேல் கலங்கரை விளக்கம். துப்பறியும் ஆள் ஒருவன் புயல் நேரத்தில் அங்கே போகிறான். அவனை ஒரு படகுக்காரன் துடுப்புப் போட்டுக் கொண்டுபோய் விடுகிறான். ‘நான் வரும்வரை இங்கேயே இரு’ என்று சொல்லிவிட்டுத் துப்பறிபவன் உள்ளே போய்விடுகிறான். உள்ளே வில்லன், சண்டை, ஏறிவரும் தண்ணீர். வெளியே, படகைப் பாறையோடு கட்டியிருந்த கயிறு அறுகிறது. அவர் படித்தது அதுவரைதான்.

“ஏண்ணா, மீதி?”

“மீதிய எங்கம்மா குட்த்துட்ச்சி.”

“யாருக்கு?”

“யாருக்குத் தெரியும்? நம்ம ஊரு, மெட்ராஸு கோவளத்துக்குத் தெக்கால ஒரு குப்பம் தங்கச்சி. எங்கண்ணன் அந்தப் புக்க எங்கியோ பொறுக்கினு வந்தான். பசங்க எல்லாம் சுத்திக் குந்திகினு படிப்போம். படிக்கத் தெரிஞ்சவன் படிப்பான், மீதிப் பேரு படம் பாப்பான். ஒரு நாளு பாத்தா கடைசிப் பக்கத்தக் காணோம். எங்கம்மா அதக் கீச்சி, நெத்திலிக் கருவாடு மடிச்சி யாவாரத்துல குட்த்துட்ச்சி. கேட்டா, ‘இன்னும் எவ்ளோ தாளு கீது, அதப் படியேன்டா’ன்னுச்சி.”

நான் பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப ஹீரோ தப்பிச்சானா இல்லையான்னு தெரியாமலே இருந்திருக்கீங்களா இத்தனை வருஷம்?”

“ஹீரோவ எவன் கேட்டான்? அட்டைலயே அவன் மூஞ்சிதான், அவன் பொழச்சிப்பான். போட்காரன் இன்னா ஆனான்? அதான் எங்களுக்கு. கயிறு அந்து போச்சில்ல. எங்கண்ணன் சொல்வான், கொண்டல் காத்து, கெழக்கால இருந்து அடிக்கிது, கரைக்குத் தள்ளிடும்னு. நான் சொல்வேன், டேய், அலை எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு படத்தப் பாரு, மேக்கால இருந்து அடிக்கிற கச்சான் காத்துடா அது, கடலுக்குள்ள இழுத்துகினு பூடும்னு. அடிதடி ஆயி கீது தங்கச்சி. இன்னிக்கும் போன் பண்ணா அதத்தான் பேசுவோம்.”

குழுவில் கேட்டேன். எல்லோருக்கும் அந்தக் கதையின் பெயர் தெரிந்தது, யாரிடமும் புத்தகம் இல்லை. அவர்களுடைய தேடல் பட்டியல்களிலும் அது இருந்தது. பிறகு ஒருநாள், சேலையூரில் வீடு மாற்றிப் போகும் ஒரு குடும்பம் தள்ளிவிட்ட அட்டைப்பெட்டியின் அடியில், பள்ளிக்கூட நோட்டுகளுக்குக் கீழே, அது கிடந்தது. அட்டையில் கலங்கரை விளக்கம். மூலைகூட மடங்கவில்லை. ‘படிக்காத புத்தகம்’. வண்டியை ஓரமாக நிறுத்தி அங்கேயே நான்கு படம் எடுத்துக் குழுவில் போட்டேன். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அண்ணனின் போன் வந்துவிட்டது.

“தங்கச்சி! அதான்! அதே அட்ட!”

“அண்ணா, கடைசிப் பக்கத்தையெல்லாம் படம் எடுத்து இப்பவே அனுப்பட்டுமா?”

“அய்ய, வாணாம்மா. போன்ல பாக்கறது வீடியோ கால்ல விருந்து சாப்புட்ற மாறி. கைல புட்ச்சிப் படிக்கணும். மொதல்ல இருந்து படிக்கணும். நீயும் சொல்லாத, ஆமா. இன்னா நடந்துச்சின்னு வாயத் தொறந்துடாத.”

“சத்தியமா சொல்ல மாட்டேண்ணா.”

“புக்குல பேனா கீனா பட்டுடப் போவுது. நம்ம குரூப்ல எல்லாரும் வெச்சிருக்காங்களே, அந்த மாறி சுத்தமா வரணும்.”

எங்கள் குழுவில் எல்லாமே புக் போஸ்ட்தான். அச்சிட்ட புத்தகத்துக்குத் தபாலில் இருந்த சலுகைக் கட்டணம் அது. உள்ளே போகும் புத்தகத்தைவிட கூரியர் செலவு அதிகமாகிவிடும் என்பதால் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டிருந்தோம். சலுகை என்றால் விதிகளும் உண்டு. உறையை ஒட்டக் கூடாது. ஓரம் திறந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பது புத்தகம்தானா என்று யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்க முடிய வேண்டும். கடிதம் கூடவே கூடாது. குழுவில் ஒருவர் கல்யாண வாழ்த்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்து அனுப்ப, அங்கே மாப்பிள்ளை கூடுதல் கட்டணம் கட்டி அந்த வாழ்த்தை வாங்கிய கதையை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

பதிவுத் தபாலில் அனுப்பலாமே என்று நான் கேட்காமல் இல்லை. அதற்கு முன்பே, சும்மா படிக்கட்டும் என்று வேறொரு சின்னப் புத்தகத்தை அண்ணனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அது சென்னைக்கே திரும்பி வந்திருந்தது. பகல் முழுக்க அவர் ஐஸ் கம்பெனியில், அறை பூட்டியிருக்கும், கையெழுத்துப் போட ஆள் கிடையாது.

“சாதா புக் போஸ்ட்ல போடு தங்கச்சி. எங்க போஸ்ட்மேன் நல்ல மனுசன். ஜன்னல்ல சொருவிட்டுப் போவாரு. நான் வந்து எட்த்துப்பேன்.”

அனுப்புவதற்கு முந்தைய நாள் அதைப் புதிய கவருக்கு மாற்றினேன். ஒவ்வொரு பக்கமாக, விரல் நுனியால் ஓரத்தை மட்டும் தொட்டுப் புரட்டினேன். பக்க எண்கள் எல்லாம் இருக்கின்றனவா, பூச்சி அரித்த துளை உண்டா, நடுத்தாள் பின்னிலிருந்து விட்டிருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரி. கடைசிப் பக்கத்தின் வலது கீழ் மூலையில் மட்டும் டீத் துளி அளவுக்கு ஒரு கறை. அதன் வடிவத்தை இப்போது கேட்டாலும் வரைந்து காட்டுவேன்.

சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியில் அம்மா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். மறு பாதியில் நான் சட்டைப் பெட்டி அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தேன். அம்மா சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எதைப் பார்த்தாலும் முதலில் பெயர் எழுதியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

“பேர் எழுதிட்டியா?”

“மேல சுத்தற தாள்ல எழுதியிருக்கேன்மா. டூ, ஃப்ரம் எல்லாம்.”

“புக்கு மேல?”

“அம்மா! புக்கு மேல பேனா பட்டா அது செத்துச்சு.”

“நானும் இத்தனை வருஷமா பசங்க நோட்டுல பேர் எழுத வெக்கிறேன். ஒரு நோட்டும் சாகலை.”

“இது நோட்டு இல்லம்மா. இதுக்கு மதிப்பு இருக்கு.”

“நீ பொறந்தப்பகூட ஆஸ்பத்திரில கையில பேர் கட்டித்தான் குடுத்தாங்க. உன் மதிப்பு குறைஞ்சு போச்சா?”

“அது நான் மார்க்கெட்டுக்கு வந்தாத்தானே தெரியும்.”

“அதுக்குத்தான் வரன் வரன்னு சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கறியே” என்று அம்மா அடுத்த விடைத்தாளை இழுத்துக்கொண்டார். பேச்சு அந்தப் பக்கம் திரும்பியதும் நான் நூல்கண்டோடு என் அறைக்குள் ஓடிவிட்டேன்.

கட்டும் முறை எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஒன்றுதான். பாலிதீன் கவரில் புத்தகம். அதன் இரண்டு பக்கமும் கெட்டி அட்டை. மேலே பழுப்புத் தாள், தலையணை உறை தைத்த மாதிரி சுற்றி, இரண்டு முனையையும் திறந்து விட வேண்டும். கடைசியில் கூட்டல் குறி போல நூல். இழுத்தால் அசையாது. மூலை மடங்காது. விதியும் தப்பவில்லை, புத்தகமும் தப்பித்தது என்பது எங்கள் கணக்கு.

சனிக்கிழமை காலை தபால் நிலையத்தில் நல்ல கூட்டம். கவுண்டரில் இருந்தவர் பொட்டலத்தை வாங்கி, திறந்திருந்த முனையில் இரண்டு விரலை விட்டு இழுத்தார்.

“வரலையேம்மா.”

“வராது சார். டைட்டா கட்டியிருக்கேன்.”

“புக் போஸ்ட்னா இழுத்தா வரணும். உள்ள என்ன இருக்குன்னு பாக்க வேணாமா? இல்லன்னா பார்சல்ல போட்டுடுங்க.”

“பார்சல்னா கையெழுத்துப் போட ஆள் இருக்க மாட்டாங்க சார் அங்க.”

“அப்ப லூஸ் பண்ணுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா, பின்னால ஆளுங்க நிக்கறாங்க.”

எனக்குப் பின்னால் நின்றவர் கழுத்தை நீட்டினார். “இன்னா சார் உள்ள?”

“காமிக்ஸாம்.”

“தோ பார்றா. நம்ம பொண்டாட்டி நகையக்கூட இப்டிக் கட்டி வெக்கல சார்.”

வரிசை சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே கவுண்டர் ஓரத்துக்கு நகர்ந்து, நூலை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினேன். இந்த முறை அவர் இழுத்ததும் புத்தகம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. புத்தம்புது பாலிதீன், கெட்டி அட்டை. இரண்டுக்கும் நடுவில் பிடிமானமே இல்லை. “இப்ப பாருங்க, ஜம்முனு வருது” என்று அவர் முத்திரை குத்தினார். எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. வெளியே வந்து அண்ணனுக்குச் சொன்னேன்: “புக்கு கிளம்பிடுச்சுண்ணா!”

அதன் பிறகு தினமும் குரல் வரும். “இன்னிக்கி ஜன்னல்ல கரண்ட் பில்லுதான் இருந்துச்சி தங்கச்சி.” இன்னொரு நாள், “எங்கண்ணன் கேட்டுகினே கீறான். மீன் வறுவலுக்குப் பந்தயம் கட்டி கீறான். போட்காரன் கரை ஏறிட்டா நான் வாங்கித் தரணும்.” இன்னொரு நாள் வெறும் சிரிப்பு மட்டும்.

பிறகு ஒரு படம் வந்தது. என் கையெழுத்தில் அவருடைய முகவரி. தளர்ந்த நூல். இரண்டு அட்டைகள். அவற்றுக்கு நடுவில் அவர் அறையின் ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது.

“தங்கச்சி, அட்ட வந்துச்சி. உள்ள புக்கு இல்லம்மா. நீ வெச்சியா?”

அவர் குரலில் துளிச் சந்தேகம் கிடையாது. மறந்திருப்பேனோ என்றுதான் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

தபால் நிலையத்துக்கு ஓடினேன். எங்கே விழுந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முகவரி தெரியாத பொருள்கள் போய்ச் சேரும் அலுவலகம் ஒன்று உண்டு என்றார்கள், அங்கும் எழுதினேன். என்ன அடையாளம் என்று கேட்டார்கள். அட்டையில் கலங்கரை விளக்கம் என்றேன். பெயர் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றார்கள். அன்று மாலை அம்மா ஒரு தடவையாவது ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று சொல்லியிருக்கலாம். தட்டில் இன்னொரு தோசையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பல வாரங்கள் கழித்து, சிறுசேரியில் மதியச் சாப்பாடு முடித்துக் கேன்டீன் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். ஐஸ் மெஷின் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது. அலை.

“தங்கச்சி, எங்கண்ணனையும் லைன்ல போட்டு கீறேன். குப்பத்துல இருந்து பேசறான். இனிமே புக்கு வராதுன்னு முடிவு பண்ட்டோம்மா. சர்தான், போவட்டும். நானே வாய வுட்டுக் கேக்கறேன். சொல்லிடு. போட்காரன் கரை ஏறினானா?”

“ஏறியிருப்பான், சொல்லும்மா” என்றது இன்னொரு குரல்.

கேன்டீன் வாசலில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். நான் கண்ணை மூடிக் கடைசிப் பக்கத்தை வரவழைக்கப் பார்த்தேன். வந்தது. வலது கீழ் மூலை. டீத் துளி அளவுக் கறை. அதற்கு மேலே கட்டங்கள் இருந்தன. கட்டங்களுக்குள் கோடுகள் இருந்தன. கடலா, கரையா, ஆளா?

“அண்ணா, நான் படிக்கல.”

“ஆங்?”

“பக்கம் எல்லாம் இருக்கான்னு பாத்தேன். கிழிசல் இருக்கான்னு பாத்தேன். படிக்கலண்ணா.”

ஐஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னாடா சொல்லுது அந்தப் பொண்ணு?” என்றது குப்பத்துக் குரல்.

“படிக்கலியாம்.”

“புக்கு அது வூட்லதானே இருந்துச்சி?”

“இருந்துச்சி.”

“அப்பால இன்னாத்துக்குடா வெச்சிருந்துச்சி?”

குத்தலாகக் கேட்கவில்லை அவர். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். பின்னட்டைப் படம் என்னிடம் இருப்பது திடீரென்று ஞாபகம் வந்து, அவசர அவசரமாகச் சொன்னேன்: “பின்னட்டையில அடுத்த மாசக் கதைக்கு விளம்பரம் இருக்குண்ணா. அதுலயும் அதே ஹீரோதான். அப்ப அவன் தப்பிச்சிருக்கான்.”

“அவன் பொழப்பான்னு அன்னிக்கே தெரியும் தங்கச்சி” என்றார் அண்ணன். பிறகு, “சரி வுடு, நீ பேஜார் ஆவாத. இன்னும் கடல்லயே கீறான்னு வெச்சிக்குவோம்” என்றார். அவருடைய அண்ணன் அங்கிருந்து, “அப்ப மீன் வறுவலு?” என்று கேட்டது காதில் விழுந்தது. லைன் கட்டாகிவிட்டது.

நான் விடவில்லை. குழுவில் மறுபடி மறுபடி போட்டேன். கடைசியில் ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார். அவரிடம் ஒரு பிரதி இருந்ததாம். வெளியில் தெரிந்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். கடைசிப் பக்கங்களை மட்டும் படித்துச் சொல்லுங்கள் சார், அனுப்பக்கூட வேண்டாம், என்று கெஞ்சினேன்.

“சீல் பண்ணி வெச்சிருக்கேன் மேடம். இப்ப பிரிச்சா முதுகு நிக்காது. உங்களுக்குத் தெரியாததா? வேணும்னா முன்னட்டை, பின்னட்டை போட்டோ தரேன்.”

கோபப்பட முடியவில்லை. என்னிடம் யாராவது இப்படி வந்து கேட்டிருந்தால், நானும் இதைத்தான், இதே பணிவோடுதான் சொல்லியிருப்பேன்.

இப்போது தபாலில் அந்தச் சலுகைகளின் பெயரும் விதிகளும் மாறிவிட்டன. பொட்டலம் எந்த ஊரில் நிற்கிறது என்று போனிலேயே பார்க்கலாம் என்கிறார்கள். குழுவில் அதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. காமிக்ஸ் புதிய சலுகைக்குள் வருமா வராதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். அண்ணன் இன்னும் குழுவில் இருக்கிறார். சில காலை நேரங்களில் ஐஸ் கட்டி மேல் படுத்திருக்கும் பெரிய மீன் ஒன்றைப் படம் எடுத்துப் போடுவார். அதன் பிறகு அவர் புத்தகம் எதையும் கேட்கவில்லை.

நான் டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தேன். முதல் கவரின் டேப்பை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். அதன் பிறகு பழகிவிட்டது. தினமும் காலை ஒன்றை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பஸ்ஸில் ஏறுகிறேன். பள்ளத்தில் பஸ் தூக்கிப் போடும்போது மூலை மடங்குகிறது. சிலவற்றின் முதுகு நிஜமாகவே விட்டுவிட்டது. ஒன்றில் என் காபி சிந்தியது. உள்ளட்டையில் என் பெயரையும் போன் நம்பரையும் பேனாவால் எழுதி வைக்கிறேன். குழுவில் தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அலமாரியில் இருக்கும் எல்லாக் கதைகளின் முடிவும் இன்று எனக்குத் தெரியும். யாரும் கேட்பதில்லை.